சம்பந்தி அறிய: அந்தக் கூடை செல்லாது

சாந்தா ரூஃபினா,
திங்கட்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்.

பெருமதிப்புக்குரிய சம்பந்தி தோன் ஒலெகாரியோ வெலெஸ் அவர்களின் சமூகத்துக்கு, பந்தலியோன் பெரியோஸ் (எடை அளவுத் துறை ஆய்வாளர், ஓய்வு, கூடைப்பந்து நடுவர், இன்னும் ஓய்வில்லை) கைகூப்பி வரைவது. இவ்விடம் நான், மனைவி மிக்தாலியா, மகள் நிட்ஸா மூவரும் சுகம். முன்பக்க ஜன்னல் கண்ணாடி மட்டும் சுகமில்லை. அவ்விடம் தாங்களும், தங்கள் துணைவியாரும், தங்கள் ரத்த அழுத்தமும் ஒரு நிலையில் இருக்க நம் ஊர்ப் புனிதையை வேண்டிக்கொள்கிறேன்.

இதையெல்லாம் நேரில் பேசியிருக்கலாம். ஆனால் தங்கள் இரும்புக் கடை வாசலில் "நடுவர்களுக்கு அனுமதியில்லை" என்று அட்டை தொங்குகிறது. இந்த ஊரில் நடுவர் என்று இருப்பது நான் ஒருவன்தான் என்பதால் அது பொது அறிவிப்பா தனி அறிவிப்பா என்று இரண்டு நாள் யோசித்தேன். போனில் பேசலாம் என்றால் என் எண்ணைத் தாங்கள் முடக்கிவிட்டதாக மிக்தாலியா சொல்கிறாள். அவள் எண்ணிலிருந்து கூப்பிட்டால் அவள் குரல் கேட்கும்வரை பொறுத்திருந்து, என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். ஆகவே காகிதம். காகிதத்தைக் கிழிக்கலாமே தவிர, பாதியில் குறுக்கிட்டுக் கத்த முடியாது.

வரும் சனிக்கிழமை தங்கள் மகன் யாமிலுக்கும் என் மகளுக்கும் கல்யாணம். அதற்குத் தாங்கள் வரப்போவதில்லை என்று ஊருக்கே சொல்லியிருக்கிறீர்கள். காரணம், திருவிழாக் கடைசி நாளன்று நடந்த இறுதி ஆட்டத்தில் தங்கள் மகன் போட்ட கூடையை நான் செல்லாது என்றது. பெண்ணைக் கொடுக்க மனமில்லாமல்தான் கூடையைப் பிடுங்கிக்கொண்டேன் என்று பேக்கரியில் பேசிக்கொள்கிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. தங்கள் வாயையாவது மூடலாம் என்ற ஆசையில் (மரியாதையுடன்தான் சொல்கிறேன்) நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில், அந்த ஆட்டத்துக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. தலைநகரிலிருந்து இரண்டு நடுவர்கள் வருவதாக ஏற்பாடு. மலைப்பாதையில் மண் சரிந்து ஒருவர் அந்தப் பக்கமே நின்றுவிட்டார். வந்து சேர்ந்தவர் லிசாந்திரோ. எந்த விஷயத்திலும் இதுவரை ஒரு கருத்துச் சொன்னதாக வரலாறு இல்லாத மனிதர். ஊதுவதற்கு இன்னொருவர் வேண்டும் என்றபோது, எதிரணியான பாஹோ ஓந்தோ ஊரின் பயிற்சியாளர் ஹெரோனிமோவே என் பெயரைச் சொன்னார். தாங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள்.

"பெரியோஸா? தாராளமா போடுங்க. அந்தாளு பொண்டாட்டி கோட்டை மிதிச்சாக்கூட விசில் ஊதுவாரு" என்றார் ஹெரோனிமோ.

அதற்கு மிக்தாலியா பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து, "ஊதியிருக்காரு! போன கிறிஸ்துமஸ்ல, சமையலறையில!" என்று கத்தியது எல்லாருக்கும் கேட்டது.

அப்போது தாங்கள் என் தோளில் தட்டி, "நம்ம சம்பந்திதானே" என்று சொல்லிக் கண்ணடித்தீர்கள். கண்ணில் தூசி விழுந்துவிட்டது போலும் என்று நான் அதற்கு வியாக்கியானம் செய்துகொண்டேன். இப்போது யோசித்தால், அன்றைக்கு நான் செய்த ஒரே தவறான வியாக்கியானம் அதுதான்.

ஆட்டத்தின் மற்ற பகுதியைப் பற்றி நமக்குள் சண்டை இல்லை. கடைசி நொடிகளில் நம் ஊர் ஒரு புள்ளி பின்னால். பந்து எல்லைக்கு வெளியே போய்விட்டது, நம் பந்து. போன இடம், பக்கவாட்டுக் கதவுக்கு நேரே. ஆம்புலன்ஸ் வருவதற்கென்று விட்டு, வாழ்நாளில் ஒரு ஆம்புலன்ஸும் நுழையாமல், பலகாரக்காரர்கள் நுழைந்து நுழைந்து அகலமாகிவிட்ட அதே கதவு. நான் பந்தை யாமிலின் கையில் கொடுத்தேன். அவன் எதிரே பாஹோ ஓந்தோவின் எஃப்ரைன் நின்றான். எல்லாரும் அவனைத் தென்னைமரம் என்பார்கள். உயரம் பாதி, மேலே சுருண்டு விரிந்து நிற்கும் முடி மீதி. அவன் இரண்டு கையையும் விரித்து நின்றபோது யாமிலுக்கு ஆடுகளமே தெரிந்திருக்காது, முடிதான் தெரிந்திருக்கும்.

இங்கேதான், சம்பந்தி, விதியைத் தாங்கள் அமைதியாகக் கேட்க வேண்டும். வெளியே போன பந்தை உள்ளே எறிபவன், கையில் வாங்கியதிலிருந்து ஐந்து வினாடிக்குள் எறிந்தாக வேண்டும். பக்கவாட்டில் ஒரு மீட்டருக்கு மேல் நகரக் கூடாது. பந்தோடு உள்ளே கால் வைக்கக் கூடாது. ஆனால் நேர் பின்னால், சூழ்நிலை இடம் கொடுக்கிற தூரம்வரை போகலாம். இதை எழுதியவர்கள் சுவர் உள்ள ஊர்க்காரர்கள். பின்னால் போனால் எவ்வளவு போவான், முதுகு சுவரில் இடிக்கும், நிற்பான் என்று நினைத்திருப்பார்கள். நம் ஊரில் சூழ்நிலை தாராளமானது. யாமில் பின்னாலேயே போனான். ஒன்று என்று நான் கையை வீசும்போது கதவில் இருந்தான். இரண்டு என்னும்போது கதவுக்கு வெளியே. மூன்றுக்குத் தோன்யா எலுதேரியாவின் பலகாரக் கடை. அந்த அம்மாள் கொதிக்கும் எண்ணெயில் அல்கபூர்ரியா போட்டுக்கொண்டிருந்தவர், கரண்டியை உயர்த்திப் பிடித்து, "பாத்து வாடா, சட்டி இருக்கு!" என்று கத்தினார். எஃப்ரைன் கையை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டான். "எங்கடா போறான் இவன், வீட்டுக்கா?" என்று கேட்டான். நான்கு என்று என் கை வருவதற்குள் பந்து வந்தது.

அதை நான் மறுக்கவில்லை, சம்பந்தி. அதுபோல் ஒன்றை நான் பார்த்ததில்லை. இனிப் பார்க்கப்போவதும் இல்லை. கதவுக்கு வெளியிலிருந்து, கூரை விளிம்புக்குக் கீழே, எஃப்ரைனின் தலைக்கு மேலே, வளையத்தில்கூடப் படாமல் வலைக்குள் விழுந்தது. ஊர் எழுந்தது. மேயர் தோன்யா சுல்மா வெடிக்காரனுக்குச் சைகை காட்டிவிட்டார். வாத்தியக்காரர்கள் பாட்டு எது என்று பேசிக்கொள்ளாமலே ஆளுக்கொன்றாக ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் விசில் ஊதினேன்.

ஏனென்றால், உள்ளே எறிகிற பந்து களத்தில் நிற்கும் யார்மீதாவது பட்ட பிறகுதான் கூடையில் விழலாம். யார்மீதும் படாமல் நேராக விழுந்தால் செல்லாது. எறிந்தவன் எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தாலும், அவன் அப்பா ஊரிலேயே பெரிய கடை வைத்திருந்தாலும் செல்லாது. பந்து யார்மீதாவது பட்டால்தான் கடிகாரமே ஓடத் தொடங்க வேண்டும். கடிகாரம் ஓடவில்லை என்பதை நான் பிற்பாடு சாட்சியாகச் சொன்னபோது, அதன் பொறுப்பிலிருந்த தோன்யா அமாபிலியா, "நான் எங்க அமுக்குறது? ரெண்டு கையாலயும் சாமியக் கும்பிட்டுட்டு இருந்தேன்" என்று சொல்லி என் சாட்சியைக் கெடுத்துவிட்டார்.

என் விசில் வெடிச் சத்தத்தில் எடுபடவில்லை. ஆகவே கையால் சொன்னேன். கூடை செல்லாது என்பதற்கு இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கத்தரிபோல் வீச வேண்டும். வீசினேன். ஊர் அதை ஆட்டம் என்று எடுத்துக்கொண்டது. பெரியோஸே ஆடுகிறார் என்றால் இது என்ன சாதாரண வெற்றியா என்று நாலு பேர் ஓடிவந்து என்னைத் தோளில் தூக்கினார்கள். நான் மேலே இருந்தபடி இன்னும் பலமாக வீசினேன். கீழே எல்லாரும் அதேபோல் வீச ஆரம்பித்தார்கள். நம் ஊர் முழுவதும், சம்பந்தி, பாதிரியார் உட்பட, கைகளைக் குறுக்கே வீசி வீசித் தங்கள் சொந்தக் கூடையைச் செல்லாததாக்கிக்கொண்டு ஆடியது. மேயர் அம்மா கீழிருந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, "பந்தலியோன், நீங்க இவ்வளவு நல்லா ஆடுவீங்கன்னு தெரியாமப் போச்சே!" என்றார். தாங்கள்கூட என் முழங்காலில் முத்தமிட்டீர்கள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கடைசியில் விஷயத்தைப் போட்டு உடைத்தவள் மிக்தாலியாதான். நாற்காலிமேல் ஏறி நின்று, "ஐயோ, அது டான்ஸ் இல்லய்யா! எனக்கு அந்தக் கை தெரியும்! செல்லாதுங்கிறாரு!" என்று கூவினாள்.

என்னைத் தாங்கிய தோள்கள் நாலும் ஒரே சமயத்தில் விலகின. இடுப்பு இன்னும் வலிக்கிறது.

அப்போதுதான் தங்கள் குரல் கேட்டது. "முடியில பட்டுச்சு! நான் பாத்தேன்! தென்னைமரத்தோட முடியில பட்டுச்சு! முடி ஆடுச்சு!" நியாயமான வாதம், முடியில் பட்டிருந்தால் கூடை செல்லும். ஊரே உடனே முடி ஆடியதைப் பார்த்ததாக நினைவுபடுத்திக்கொண்டது. முதுகைத் திருப்பிக்கொண்டு பீர் வாங்கிக்கொண்டிருந்தவர்கள்கூடப் பார்த்திருந்தார்கள். நான் லிசாந்திரோவைக் கேட்டேன். அவர் தரையைப் பார்த்து, "நான் கால்களைக் கவனிச்சிட்டிருந்தேன்" என்றார். யாருடைய கால்களை என்று கேட்டதற்குப் "பொதுவா" என்றார். ஆக, முடிவு என் கையில் வந்தது. நான் பார்த்ததைச் சொன்னேன்: பந்துக்கும் முடிக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. மயிரிழையில் தப்பியது என்பார்களே, அதை நான் உவமையாகச் சொல்லவில்லை. முடி ஆடியது உண்மை. காற்றிலும் ஆடும், சிரிப்பிலும் ஆடும். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். பாஹோ ஓந்தோவுக்குப் பந்தைக் கொடுத்தேன், அவர்கள் உள்ளே எறிந்தார்கள், நேரம் முடிந்தது. கோப்பையை வாங்கிக்கொண்டு, பேருந்தின் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் பட்டதையெல்லாம் எழுதினால் தங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்பதால் கொஞ்சம் எழுதுகிறேன். பேக்கரியில் ரொட்டி கேட்டால், "எல்லைக்கு வெளிய நில்லுங்க தோன், எறியுறேன்" என்கிறார்கள், எறியவும் செய்கிறார்கள். பாதிரியார் என்னைத் தனியே கூப்பிட்டு, சட்டத்தின் எழுத்து வேறு, அதன் கருணை வேறு என்று அரை மணி நேரம் விளக்கினார். "அப்ப நரகம் உண்டா இல்லையா ஃபாதர்?" என்று கேட்டேன். கோபித்துக்கொண்டார். பாடகர் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். நான் ஒருபோதும் சுருதி தவறியதில்லை என்பதால் காரணம் வேறுதான்.

செவ்வாயன்று லீக்கின் விசாரணைக் குழு நகராட்சி மண்டபத்தில் கூடியது. தாங்கள் முன்வரிசையில்தான் இருந்தீர்கள். ஆனால் கத்திக்கொண்டே இருந்ததால் பேசியது காதில் விழுந்திருக்காது. மேயரின் ஒன்றுவிட்ட அண்ணன் தோன் புருடென்சியோ தலைமை. கேள்வி ஒன்றுதான்: முடி ஆளில் சேர்த்தியா இல்லையா. முதலில் டாக்டரைக் கேட்டார்கள். முடி செத்த பொருள், வேர்தான் உயிருள்ளது என்றார் அவர். உடனே, செத்தது ஆளில் சேர்த்தி இல்லை என்றால் தன் மாமனாரின் சொத்து வழக்கு என்னாவது என்று குழுவில் ஒருவர் வேறு பக்கம் போய்விட்டார். பிறகு முடிதிருத்தும் சலூன்காரர் நிக்கானோரை நிபுணராக அழைத்தார்கள்.

"நாற்காலியில உக்கார்ற வரைக்கும் அது அவரு முடி. நான் வெட்டிட்டா என் குப்பை. நடுவுல இருக்கிறதப் பத்தி எனக்குத் தெரியாது" என்றார் நிக்கானோர்.

"வெட்டாத முடியைப் பத்தித்தான்யா கேக்குறோம்."

"வெட்டாத முடிக்கு நான் எப்படிப் பொறுப்பு? அவன் பாஹோ ஓந்தோக்காரன். என் கடைக்கே வந்ததில்ல."

வீடியோவைப் பார்ப்போம் என்றார்கள். அன்று அரங்குக்குப் போன் எடுத்துவராதவர் என் மனைவி மட்டும்தான். ஆனால் அத்தனை போனும் கதவுப் பக்கம் திரும்பி, வெளியே போன யாமிலைத் தேடிக்கொண்டிருந்தன. ஒன்றில் தோன்யா எலுதேரியாவின் எண்ணெய்ச் சட்டி மிகத் தெளிவாகத் தெரிந்தது. குழுவினருக்கு அதைப் பார்த்ததும் பசி வந்து, ஒரு மணி நேரம் இடைவேளை விட்டார்கள். திரும்பி வந்து தீர்ப்புப் படித்தார்கள்: முடி, ஆளில் சேர்த்திதான். ஆனால் பந்து முடியில் பட்டதா என்பது நடுவரின் தீர்மானம். நடுவரின் தீர்மானம் இறுதியானது. அந்தத் தீர்மானத்துக்காகக் குழு வருந்துகிறது. அதாவது, நான் சொன்னது சரி, ஆனால் சொன்னதற்கு வெட்கப்பட வேண்டும்.

வெள்ளிக்கிழமைக்குள் ஊர் நிமிர்ந்துவிட்டது. இதில் தங்கள் பங்கை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். "திருடப்பட்டது" என்று முன்புறமும், குறுக்கே வீசிய இரண்டு கைகள் பின்புறமும் அச்சடித்த பனியன்கள் தங்கள் கடையில் ஆணிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் குவிந்திருப்பதை என் மகளே வந்து சொன்னாள். அந்தக் கதவுக்கு மேல் ஓவியம் வரைந்தாகிவிட்டது. தோன்யா எலுதேரியா கடைக்குச் "சூழ்நிலை" என்று பெயர் வைத்திருக்கிறார். பக்கத்து ஊர்களிலிருந்து வருகிறவர்கள் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மேயர் அம்மா ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருந்துகளில் தலைநகருக்கு நியாயம் கேட்டு ஊர்வலம் போகிறார். ஜெயித்த வருஷங்களில்கூட நம் ஊர் இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை. அந்த ஒற்றுமைக்கு ஒரு பகைவன் வேண்டும், அது நான். பரவாயில்லை. ஆனால் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

நிட்ஸா என்னோடு மூன்று நாள் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு வருவாள், தட்டை வைப்பாள், போய்விடுவாள். நாலாவது நாள் பேசியதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம்.

"ஏம்ப்பா, அந்த ஒரு நிமிஷம் உங்க விசில் கீழ விழுந்து தொலைஞ்சிருக்கக் கூடாதா?"

"கழுத்துல கயிறு கட்டியிருக்கேம்மா."

"அதான் தெரியுமே. நம்ம வீட்டுல கொஞ்சம் உப்புப் போடுன்னாக்கூட, கொஞ்சம்னா எத்தனை கிராம்னு கேப்பீங்க. அம்மா எப்படித்தான் குடும்பம் நடத்துனாங்களோ."

"அளந்துதான்" என்றாள் மிக்தாலியா உள்ளேயிருந்து.

மறுநாள் யாமில் சமையலறை வழியாக வந்தான். முன்வாசலில் வந்தால் ஊர் பார்க்கும் அல்லவா. அவன் என்னிடம் சொன்னதைத் தங்களிடம் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். சொல்லமாட்டேன் என்றுதான் வாக்கு. எழுதமாட்டேன் என்று அல்ல. விதியை விதியாகத்தான் படிக்க வேண்டும்.

"மாமா, உண்மையச் சொல்லுங்க. அது செல்லாதுதானே?"

"செல்லாதுப்பா. எனக்கும் வருத்தந்தான்."

"எனக்கு வருத்தமில்ல மாமா. அதுல நீங்க பின்வாங்கிடாதீங்க." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "நான் கூடைக்கு எறியவே இல்ல. மூலையில நின்ன நம்ம டீம் வண்டிக்கோவுக்குத்தான் பாஸ் போட்டேன். பலகாரக் கடைகிட்ட கீழ எண்ணெய் சிந்திக் கெடந்துச்சு, கால் வழுக்கிடுச்சு. பந்து எங்க போச்சுன்னே நான் பாக்கல. சட்டியில விழாம இருக்கணுமேன்னு எலுதேரியாம்மாவக் கட்டிப் பிடிச்சிட்டு நின்னேன்."

நான் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு அவன் முன் வைத்தேன்.

"சுவத்துல என் படத்த வரைஞ்சிருக்காங்க மாமா. அப்பா ராத்திரி எழுந்து போய் அதப் பாத்துட்டு வர்றாரு. பள்ளிக்கூடத்துல பசங்களுக்கு அந்த எறி கத்துக்கொடுன்னு கூப்பிடுறாங்க. எதக் கத்துக்கொடுக்கிறது, வழுக்கவா? செல்லாததாவே இருக்கட்டும். செல்லும்னு ஆச்சுன்னா எனக்குச் சிலை வெச்சிருவாங்க. நான் இந்த ஊர்ல குடும்பம் நடத்தணும்."

சம்பந்தி, இந்த ஊரில் என் விசிலுக்கு மரியாதை கொடுத்த ஒரே மனிதன் தங்கள் மகன். அவன் போனபிறகு மிக்தாலியாவிடம், "நல்ல இடத்துல பொண்ணக் கொடுக்குறோம்" என்றேன். அவள், "இத அவங்க அப்பாகிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதமே.

ஆகவே நான் கேட்பது இதுதான். கூடையைப் பற்றித் தாங்கள் என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளுங்கள். பனியனை விற்றுக்கொள்ளுங்கள். சனிக்கிழமை தேவாலயத்துக்கு மட்டும் வாருங்கள். வேண்டுமானால் அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டே வாருங்கள். என் பக்கம் திரும்ப வேண்டாம், என்னோடு பேச வேண்டாம். மணமகனின் தகப்பன் இடம் காலியாக இருந்தால் யாமில் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். என் மகள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பன்றி வறுவலுக்குச் சொல்லியாயிற்று. வாழையிலையில் பொதியும் பாஸ்தெல்களை மிக்தாலியாவும் தங்கள் துணைவியாரும் இரண்டு நாளாகச் சேர்ந்து கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் தங்களுக்குத் தெரியாது. அதையும் நான் சொல்லவில்லை, எழுதுகிறேன்.

என் தீர்மானத்தில் மட்டும் மாற்றமில்லை. பந்து யார்மீதும் படவில்லை. என் கண்ணால் பார்த்தேன். இதில் கடுகளவும் ஐயமில்லை. உயிர் இருக்கும்வரை இதையே சொல்வேன்.

தங்கள் துணைவியாருக்கும், அத்தைக்கும், கடைப் பையன்களுக்கும், என்னைப் பார்த்துக் குரைக்கப் பழகிய நாய்க்கும் என் அன்பைச் சொல்லவும். தங்கள் வியாபாரம் பெருகட்டும், ஆயுள் நீளட்டும், குரல் சற்றே தணியட்டும். நம் புனிதை நம் இரு வீட்டுக்கும் ஒரே அளவில் அருளட்டும்.

தங்கள் பணிவுள்ள,
பந்தலியோன் பெரியோஸ்

பி.கு.: சம்பந்தி, மேலே எழுதியதில் ஊர்ப் பெயரும் கிழமையும் மட்டும் சரி.

உறையை ஒட்டுவதற்குள் வாசலில் ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் தென்னைமரம். எஃப்ரைன் குனிந்து உள்ளே வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இடது கை நடுவிரலை நீட்டிக் காட்டினான். திட்டுகிறான் என்று நினைத்து எழுந்துவிட்டேன். விரலில் கட்டுப் போட்டிருந்தது.

"தோன், நகம் பேந்துடுச்சு. பந்து என் விரல்ல பட்டுச்சு."

"நீ இடுப்புல கை வெச்சிட்டுச் சிரிச்சிட்டு இருந்தியேப்பா!"

"சிரிச்சிட்டுத்தான் இருந்தேன். பந்து வர்றதப் பாத்ததும் இடது கை தானாப் போச்சு. நீங்க என் வலது பக்கம் நின்னீங்க. நடுவுல முடி மறைச்சிருக்கும்."

முடி, சம்பந்தி! ஊரே ஒரு வாரமாக முடியைப் பற்றிப் பேசினோம். அதற்குப் பின்னால் ஒரு கை இருந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. "பந்து மூலைக்குத்தான் போச்சு தோன். என் நகம் பட்டுத்தான் கூடைப் பக்கம் திரும்புச்சு. எங்க ஊருக்குத் தெரிஞ்சா நான் எங்க போய் இருக்கிறது? இப்ப என்னடான்னா, பந்தத் தொடாம நின்னதுக்காக ஞாயித்துக்கிழமை எனக்குப் பாராட்டு விழா வெச்சிருக்காங்க. கேடயம் தர்றாங்களாம். தாங்க முடியல." கட்டுப் போட்டது யார் என்றேன். "உங்க பொண்ணுதான். அன்னைக்கே எல்லாத்தையும் அவங்ககிட்டச் சொல்லிட்டேன்" என்றான்.

நான் நிட்ஸாவைக் கூப்பிட்டேன். ஒரு வாரமாக உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நோயாளி சொன்னத வெளிய சொல்லக் கூடாதுன்னு விதி இருக்குப்பா. கல்யாணமே நின்னாலும் சொல்லக் கூடாது. நான் யார் பொண்ணு?"

நடுவர் சட்டையைப் போட்டுக்கொண்டு நேராக நகராட்சிக்குப் போனேன். மேயர் அம்மாவிடம், கூடை செல்லும், நாம்தான் ஜெயித்தோம் என்றேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "மெதுவாப் பேசுங்க பந்தலியோன்! மூணு பஸ்சு சொல்லியாச்சு. ஓவியக்காரன் சம்பளம் வாங்கிட்டான். இப்பப் போய் ஜெயிச்சிட்டோம்னு சொன்னா, திருடப்பட்ட ஊருன்னு வர்றவங்க எதுக்கு வருவாங்க? நல்ல மனுஷன் நீங்க. வேற ஏதாவது வியாக்கியானம் பண்ணுங்க" என்றார்.

எனக்கு வேறு வியாக்கியானம் தெரியாது. எஃப்ரைனிடம் சம்மதம் வாங்கிவிட்டேன். அவனுக்கும் கேடயத்தைவிட உதை மேல் என்று தோன்றிவிட்டது. ஞாயிறு பூசை முடிந்ததும் தேவாலய வாசலில் விசில் ஊதிச் சொல்லப்போகிறோம். பாவம், யாமிலுக்குச் சிலைதான். கல்யாணம் சனிக்கிழமை. ஆகையால் சம்பந்தி, ஒரு நாள் மட்டும் தாங்கள் என்மேல் கோபப்பட நியாயமான காரணம் எதுவும் இல்லை என்று நடித்துக்கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் கோபப்பட உண்மையான காரணம் இருக்கும்: விற்காமல் தேங்கப்போகும் "திருடப்பட்டது" பனியன்களை என்ன செய்வது என்று அப்போது என்னிடம் கேட்காதீர்கள்.